பறங்கிக்கல்லில் பொட்டாசியம்

பினாங்கின் வடகரையில் இருக்கும் பத்து ஃபெரிங்கிக்குத் தமிழில் பெயர் வைக்கச் சொன்னால் ‘பறங்கிக்கல்’ என்றுதான் வைப்பேன். மலாயில் பத்து என்றால் கல். ஃபெரிங்கி நம் பறங்கியேதான். ஊர்ப்பெயரிலேயே கல் இருந்தும், அங்கே வருகிறவர்களில் கல்லைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. மணலில் நடக்கிறார்கள், கடலில் இறங்குகிறார்கள், பாறைமேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த அக்கா மகளை அங்கே அழைத்துப் போனேன். ஐந்தாம் படிவம் படிக்கிறாள். அலை கழுவிவிட்டுப் போன ஒரு பாறைமேல் கையை வைத்து, “மாமா, இதில் பல் பதித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கிறதே, என்ன இது?” என்று கேட்டாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஓரம் நேராகச் செதுக்கினாற்போல் வெள்ளைக் கட்டங்கள். அவற்றைச் சுற்றிச் சாம்பல் நிறக் கண்ணாடித் துணுக்குகள்போல் குவார்ட்ஸ். இடையிடையே மிளகை ஒன்றிரண்டாகத் தட்டித் தூவியதுபோல் கறுப்பு மைக்கா. காக்காய்ப்பொன் என்று நம்மவர்கள் சொல்வது அதன் இனம்தான்.

“தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே பார்” என்றேன். மாலை வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளைக் கட்டத்தின் பாதி மட்டும் பளிச்சென்று மின்னியது; மறுபாதி மங்கிக் கிடந்தது. தலையை இன்னும் சிறிது திருப்பியதும் மின்னிய பாதி அணைந்து, மங்கிய பாதி ஒளிர்ந்தது. ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொண்டு ஒட்டி வளர்ந்த இரட்டைப் படிகம் அது. பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பார் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

“பொட்டாசியமா? அது வாழைப்பழத்தில் அல்லவா இருக்கும்?” என்றாள்.

வாழைப்பழத்தில் இருப்பது மண்ணிலிருந்து வந்தது. மண்ணில் இருப்பது கல் உதிர்ந்ததால் வந்தது. கல்லுக்கு எங்கிருந்து வந்தது? அன்றைக்குக் கடற்கரையில் அவளுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து, நிலவியல் படித்திராதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு இருந்தால் நிறைய?

உருகிய கற்குழம்பு ஆறி இறுகியதெல்லாம் தீப்பாறை. தரைக்கு மேலே கொட்டி ஆறினால் எரிமலைப்பாறை. வெளியே வராமல் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே மெல்ல மெல்ல ஆறினால் பினாங்கு மலையைப் போன்ற கருங்கல். மெல்ல ஆறியதால்தான் அந்த வெள்ளைப் படிகங்களுக்கு நகம் அளவு வளர நேரம் கிடைத்தது.

நிலவியலாளர்கள் ஒரு பாறையைப் பொடித்துப் பகுத்துப் பார்க்கும்போது, பொட்டாசியத்தை அதன் ஆக்சைடாகக் கணக்கிட்டு எடையில் நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதுவார்கள். இங்கே நான் தரும் விழுக்காடுகளும் அப்படிப்பட்டவையே. மேலோட்டுக்கு அடியிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை இருப்பது கவசம். அதில் பொட்டாசியம் 0.03 விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. அந்தக் கவசம் உருகி, நடுக்கடலின் அடியில் ஓடும் மலைத்தொடர்களில் பசால்ட் என்ற கருநிற எரிமலைப்பாறையாக வெளிவரும்போது 0.1, 0.2 என்று சிறிது கூடுகிறது. கண்டங்களின் மேற்பகுதியை எடுத்துக்கொண்டால் சராசரி 2.8. பினாங்குக் கருங்கல்லில் 5ஐ ஒட்டி வரும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரத்தில் லாம்ப்ரோயிட் என்றொரு பாறை உண்டு. அதில் 10ஐத் தாண்டும் மாதிரிகளும் கிடைத்திருக்கின்றன.

0.03 எங்கே, 10 எங்கே! முந்நூறு மடங்குக்கும் மேல். இந்த இடைவெளிதான் எனக்குப் பல ஆண்டுகளாக வியப்பு.

அளவை மட்டும் பார்த்து ஒரு பாறையைப் பொட்டாசியம் நிறைந்தது என்று சொல்லிவிடக் கூடாது. சோடியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் வேதியியலில் ஒரே குடும்பம்; ஒன்று போகும் இடத்துக்கு மற்றதும் போகும். பெரும்பாலான எரிமலைப்பாறைகளில் சோடியத்தின் கைதான் ஓங்கியிருக்கும். காங்கேயத்துக்குப் பக்கத்தில் முருகன் கோயில் இருக்கும் சிவன்மலையின் நெஃபலின் சயனைட்டும் அப்படிச் சோடியத்தால் பெயர்பெற்ற பாறைதான். பொட்டாசியம் சோடியத்தை முந்துகிறது என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். மிகைப் பொட்டாசியப் பாறைகளுக்கு 1987இல் ஓர் எல்லை வகுத்தார்கள்: பொட்டாசியம் 3 விழுக்காட்டுக்கு மேல், மெக்னீசியமும் 3க்கு மேல், பொட்டாசியம் சோடியத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இதில் மெக்னீசியத்துக்கு என்ன வேலை என்று தோன்றும். அதுதான் மிக முக்கியமானது, பிறகு வருகிறேன்.

ஐஸ் உருண்டை

என் அம்மா தலைமுறையினர் ஐஸ் கெப்பாலை மறக்கமாட்டார்கள். சீவிய பனிக்கட்டியைக் கையாலேயே உருண்டை பிடித்து, மேலே சிவப்புச் சர்பத் ஊற்றித் தருவார்கள். முதல் வாய் உறிஞ்சும்போது நாக்கெல்லாம் இனிப்பு, உதடெல்லாம் சிவப்பு. நான்கைந்து வாய்க்குப் பிறகு கையில் மிஞ்சுவது வெறும் வெள்ளைப் பனிக்கட்டி. சர்பத் பனிக்கட்டியின் படிகத்துக்குள் புகுவதில்லை, இடுக்கில் ஒண்டிக்கொண்டிருக்கும். உருகிய நீர் சிறிது கிடைத்தவுடன் அதோடு போய்விடும்.

கவசத்தில் பொட்டாசியத்தின் நிலை இதுவே. கவசத்தின் பெரும்பகுதி ஆலிவின், பைராக்சீன் ஆகிய கனிமங்களால் ஆனது. அவற்றில் மெக்னீசியம், இரும்பு போன்ற சிறிய அயனிகள் உட்காரும் அளவுக்கே இடம் உண்டு. பொட்டாசிய அயனி மெக்னீசிய அயனியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பருமன், மின்னேற்றமும் பொருந்தாது. ஆகவே பாறையில் நூற்றில் ஒரு பங்கு உருகத் தொடங்கினாலே போதும், பொட்டாசியம் முந்திக்கொண்டு அந்தக் குழம்புக்குள் வந்துவிடும். ருபீடியம், யுரேனியம், தோரியம் எல்லாம் இதே வகை. குழம்பு ஆறும்போது இதன் மறுபக்கம் நடக்கிறது. முதலில் தோன்றும் படிகங்கள் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகின்றன. கடைசியாக மிஞ்சும் சொட்டுக் குழம்பில் அது செறிந்துபோகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் உருகி, ஆறி, மறுபடி உருகித்தான் கண்டங்களின் பொட்டாசியம் 2.8 விழுக்காட்டுக்கு வந்தது.

இவ்வளவு தெரிந்ததும் ஒரு விடை எளிதாகத் தோன்றும்: மிகக் கொஞ்சமாக உருகினால் பொட்டாசியம் மிக அதிகமாக இருக்கும், முதல் டிகாஷன்போல. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கவசத்தில் இருப்பது 0.03. நூற்றில் ஒரு பங்கு மட்டும் உருகி, இருக்கும் பொட்டாசியம் முழுவதும் அதில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் குழம்பில் 3 விழுக்காடுதான். 10 வேண்டுமென்றால் முந்நூறில் ஒரு பங்குதான் உருகியிருக்க வேண்டும். அந்த அளவு குழம்பு படிகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக இருக்குமே தவிர, திரண்டு எரிமலையாக எழும்புவது மிகக் கடினம்.

அதைவிடப் பெரிய சிக்கல் சோடியம். கவசத்தில் சோடியம் பொட்டாசியத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. சாதாரணக் கவசத்தைக் கொஞ்சமாக உருக்கினாலும் சோடியமும் சேர்ந்தே வரும். லாம்ப்ரோயிட்டிலோ பொட்டாசியம் சோடியத்தைப் பல மடங்கு மிஞ்சி நிற்கிறது. ஐஸ் உருண்டைக் கதை இங்கே போதாது. உருகுவதற்கு முன்பே அந்தக் கவசத்துக்குள் யாரோ பொட்டாசியத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும்; சோடியத்தை விட்டுவிட்டு இதை மட்டும் சேர்த்திருக்க வேண்டும்.

கடல் பிரித்துத் தந்தது

பத்து ஃபெரிங்கியில் ஓர் அலை முகத்தில் தெறித்தால் நாக்கில் உப்புக் கரிக்கிறது. அது சோடியம். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 10.8 கிராம் சோடியம் இருக்கிறது, பொட்டாசியம் 0.4 கிராம்தான். மலைகளில் இரண்டும் ஏறக்குறைய ஒத்த அளவில் இருக்க, கடலில் ஏன் இந்த வேறுபாடு? மழை பாறையைக் கரைக்கும்போது சோடியம் தண்ணீரோடு போய்த் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. பொட்டாசியத்தைக் களிமண் பிடித்துவைத்துக்கொள்கிறது. களிமண் தகடு தகடாக அடுக்கிய கனிமம். இரு தகடுகளுக்கு நடுவே இருக்கும் குழியில் பொட்டாசிய அயனி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். சோடியம் அங்கே நிலைப்பதில்லை. ஆக, சோடியம் கடல்நீரிலும் பொட்டாசியம் கடலடிச் சேற்றிலும் போய்ச் சேர்கின்றன.

பொட்டாசியப் பாறைகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டவற்றில் இதைவிட அழகான செய்தி எனக்குத் தெரியாது.

அந்தச் சேறு அங்கேயே கிடப்பதில்லை. பூமியின் மேற்பகுதி பல பெரிய புவித்தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது. ஒரு கடலடித்தட்டு மற்றொரு தட்டுக்கு அடியில் சாய்ந்து இறங்கும் இடங்களில் சேற்றின் ஒரு பகுதியும் சேர்ந்து உள்ளே போகிறது. அழுத்தத்திலும் சூட்டிலும் களிமண் மைக்காவாக மாறுகிறது. அந்த மைக்கா சுமார் 300 கிலோமீட்டர் ஆழம்வரைகூடச் சிதையாமல் பொட்டாசியத்தைச் சுமந்து போகக்கூடியது. தப்பி வந்த கொஞ்ச சோடியம்கூடப் பச்சை நிறப் பைராக்சீனுக்குள் பூட்டப்பட்டு, இறங்கும் தட்டிலேயே தங்கிவிடும். மைக்கா உருகும்போதும் சிதையும்போதும் பொட்டாசியம் நிறைந்த குழம்பும் நீரும் மேலே எழுந்து, தலைக்கு மேல் இருக்கும் கவசத்துக்குள் ஊறுகின்றன.

ஊறிய இடத்தில் ஒரு புதுக் கனிமம் பிறக்கிறது. ஃபுளோகோபைட் என்று பெயர். தேன் நிறத்தில், நகத்தால் தகடு தகடாக உரிக்கக்கூடிய மெக்னீசிய மைக்கா. அதில் பொட்டாசியம் சுமார் 10 விழுக்காடு. கண்டத்தின் அடிப்பகுதியோடு இறுகி ஒட்டியிருக்கும் குளிர்ந்த கவசத்தில், வீட்டுச் சுவரின் விரிசலில் சுண்ணாம்புக் கலவை ஊற்றி அடைத்ததுபோல், ஃபுளோகோபைட் நரம்பு நரம்பாக ஓடும். அந்த நரம்புகள் சுற்றியுள்ள பாறையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகக்கூடியவை. பத்து லட்சம் ஆண்டுகள் காத்திருக்கலாம், நூறு கோடி ஆண்டுகளும் காத்திருக்கலாம். என்றைக்காவது கீழிருந்து சூடு ஏறினாலோ, மேலே கண்டம் இழுபட்டு மெலிந்தாலோ, அவைதான் முதலில் உருகும்.

இப்போது மெக்னீசியத்துக்கு வரலாம். நரம்பு உருகும்போது சுற்றியுள்ள கவசப்பாறையும் கொஞ்சம் கரைந்து சேர்கிறது. கவசத்தின் அடையாளம் மெக்னீசியம். சேற்றின் அடையாளம் பொட்டாசியம். ஒரே கல்லில் இரண்டும் உயர்ந்திருந்தால், மேலே கிடந்த சேறும் ஆழத்துக் கவசமும் அங்கே சந்தித்திருக்கின்றன.

இதற்குச் சாட்சி உண்டா? உண்டு. ருபீடியத்தின் ஓர் ஐசோடோப்பு, அதாவது அதன் அணுக்களில் எடை வேறுபட்ட ஒரு வகை, மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. ருபீடியம் பொட்டாசியத்தோடு ஒட்டிக்கொண்டே திரிவதால், பழைய கண்டப் பாறைகளிலும் அவற்றின் சேற்றிலும் ஸ்ட்ரான்சியம்-87 கூடிக்கொண்டே போகும். கடலடி மலைத்தொடரின் பசால்ட்டில் ஸ்ட்ரான்சியம்-87க்கும் 86க்கும் உள்ள விகிதம் 0.703ஐ ஒட்டி இருக்கும். ரோம் நகரைச் சுற்றியுள்ள பொட்டாசிய எரிமலைப்பாறைகளில் அது 0.710ஐ ஒட்டி வருகிறது. மூன்றாம் தசமத்தில் இருக்கும் வேறுபாடுதானே என்று எண்ண வேண்டாம். வெறும் கவசத்தால் அந்த எண்ணைத் தரவே முடியாது. கண்டத்திலிருந்து வந்த பொருள் உள்ளே கலந்திருக்கிறது.

எங்கெங்கே பார்க்கலாம்

நமக்கு மிகப் பக்கத்தில் ஜாவா. இந்தியப் பெருங்கடலின் தட்டு ஜாவாவுக்குத் தெற்கே இறங்கத் தொடங்கி, வடக்கே போகப் போக ஆழம் கூடிக்கொண்டே செல்கிறது. தீவின் நடுவில் இருக்கும் மெராபி எரிமலை, இறங்கும் தட்டுக்கு மேலே 150 கிலோமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடகரைக்குப் போனால் முரியா என்ற அணைந்த எரிமலை. அதற்கு அடியில் தட்டு 300 கிலோமீட்டரையும் தாண்டிய ஆழத்தில் இருக்கிறது. மெராபியின் பாறையைவிட முரியாவின் பாறையில் பொட்டாசியம் மிக அதிகம். லூசைட் என்ற பொட்டாசியக் கனிமமே அதில் உண்டு. தட்டின் ஆழம் கூடக்கூடப் பொட்டாசியமும் கூடுகிறது என்ற இந்தத் தொடர்பை, பசிபிக்கைச் சுற்றியுள்ள எரிமலைகளை ஒப்பிட்டு 1967இல் டிக்கின்சன், ஹாதர்ட்டன் ஆகிய இருவரும் வெளியிட்டார்கள். பல தீவுவரிசைகளில் இது பொருந்துகிறது. எல்லா இடத்திலும் அல்ல. ஆகவே இதை விதியாகப் பிடித்துக்கொள்ளாமல் முதல் குறிப்பாக எடுத்துக்கொள்வதே சரி. ஜாவாவுக்குக் கிழக்கே சும்பாவா தீவில் 1815இல் வெடித்த தம்போராவும் பொட்டாசியம் மிகுந்த எரிமலைதான். அதன் சாம்பலும் கந்தகமும் வானில் பரவியதால் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை என்றார்கள்.

இத்தாலியில் இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் சான்று இருக்கிறது. கி.மு. 312இல் தொடங்கப்பட்ட ஆப்பியன் சாலைக்குப் பாவிய கருநிறக் கற்கள், ரோமுக்குத் தென்கிழக்கே இருக்கும் ஆல்பன் குன்றுகளின் எரிமலைக்குழம்பு இறுகியவை. சாலையின் ஒரு பகுதி அந்தக் குழம்பு ஓடிய தடத்தின் மேலேயே செல்கிறது. அந்தக் கல்லில் லூசைட் நிறைய. கிரேக்கத்தில் வெள்ளை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வெசூவியஸ் எரிமலையின் பாறையில் உருண்டையாக, இருபத்து நான்கு முகங்களோடு வெள்ளை வெள்ளையாகத் தெரியும். தூய லூசைட்டில் பொட்டாசியம் 21.5 விழுக்காடு, நம் ஃபெல்ட்ஸ்பாரில் 17ஐ ஒட்டியே இருக்கும்.

அப்படியானால் பினாங்கில் ஏன் லூசைட் இல்லை? குவார்ட்ஸின் மூலப்பொருளான சிலிக்கா போதுமான அளவு இருந்தால் லூசைட் அதோடு சேர்ந்து ஃபெல்ட்ஸ்பார் ஆகிவிடும். பினாங்குக் கல்லில் சிலிக்கா வேண்டிய மட்டும் இருந்து, மிஞ்சியது குவார்ட்ஸாகவும் நிற்கிறது. குவார்ட்ஸும் லூசைட்டும் ஒரே பாறையில் சேர்ந்து இறுகுவதில்லை. ஒன்றைக் கண்டால் மற்றதைத் தேட வேண்டாம்.

இமயத்துக்கு வடக்கே திபெத்தில் மிகைப் பொட்டாசியப் பாறைகள் சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கும் 80 லட்சம் ஆண்டுகளுக்கும் இடையே வெளிவந்தவை. இந்தியா ஆசியாவை மோதியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன். கடல் மூடி நெடுங்காலம் ஆனபின்புதான் பொட்டாசியம் வெளியே வந்திருக்கிறது. கண்டங்கள் முட்டிக்கொண்டபின் கனத்த அடிப்பகுதி அறுந்து கீழே விழ, அந்த இடத்துக்குச் சூடான கவசம் ஏறிவந்து பழைய நரம்புகளை உருக்கியது என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

கண்டங்களின் நடுவே, எந்தத் தட்டு விளிம்பும் பக்கத்தில் இல்லாத இடங்களிலும் இவை உண்டு. அமெரிக்காவின் வயோமிங்கில் லூசைட் குன்றுகள். ஆந்திரத்தில் கிருஷ்ணா ஆற்றுப்பகுதியிலும் நல்லமலைத் தொடரிலும் நூறு கோடி ஆண்டுகளைத் தாண்டிய லாம்ப்ரோயிட்டுகள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1979இல் கண்டுபிடித்து 2020இல் மூடிய ஆர்கைல் வைரச்சுரங்கமும் லாம்ப்ரோயிட்டில் தோண்டியதுதான்; உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் பெரும்பங்கு அங்கிருந்தே வந்தது. வைரம் சுமார் 150 கிலோமீட்டருக்குக் கீழே உருவாகும் பொருள். அதை அள்ளிக்கொண்டு வந்த குழம்பு அதற்கும் கீழிருந்து கிளம்பியிருக்க வேண்டும்.

புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். பொட்டாசியப் பாறை இருந்தால் அங்கே தட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று வரைபடத்தில் தேடுவார்கள். கல் சொல்வது உருகிய பாறையின் பழைய வரலாற்றை. எரிமலை வெடித்த நாளில் தட்டுகள் எப்படி இருந்தன என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு சான்று வேண்டும்.

பினாங்குக் கல் வேறு வழியில் வந்தது

நம் கடற்கரைப் பாறைக்குத் திரும்புவோம். பொட்டாசியம் 5 விழுக்காடு, சோடியத்தைவிட அதிகம். ஆனால் மெக்னீசியம் மிகக் குறைவு. கவசத்தின் அடையாளம் இதில் இல்லை. இது லாம்ப்ரோயிட்டின் உறவுக்காரக் கல் அல்ல.

தீபகற்பத்தின் மேற்குப் பாதியும் பினாங்கும் சிபுமாசு என்ற பழைய நிலத்துண்டைச் சேர்ந்தவை. சீயம், பர்மா, மலாயா, சுமத்திரா என்ற பெயர்களிலிருந்து கோத்த பெயர் அது. அதற்கும் கிழக்குப் பாதிக்கும் நடுவே பழந்தெத்திஸ் என்ற கடல் இருந்தது. அந்தக் கடல் மூடி இரு நிலங்களும் முட்டிய தையல்கோடு பகாங்கில் பெந்தோங், ரவுப் ஊர்களின் வழியாக ஓடுகிறது. கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் மலையைக் கடந்து பெந்தோங்கில் இறங்குகிறவர்கள், காணாமல் போன ஒரு கடலின் ஓரத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

மோதலில் மேலோடு தடித்தது. பழைய சேறும் மணலும் இறுகிய பாறைகள் ஆழத்தில் புதைந்து சூடேறின. அவற்றிலிருந்த மைக்கா 700, 800 பாகை வெப்பத்தில் சிதைந்து, தன் பொட்டாசியத்தையும் நீரையும் விட்டு, பாறையை உருக்கியது. இங்கேயும் பொட்டாசியம் சேற்றிலிருந்தே வந்தது. ஆனால் கவசத்துக்குள் போய்த் திரும்பவில்லை. மேலோட்டுக்குள்ளேயே உருகி, மேலோட்டுக்குள்ளேயே ஆறியது. 20 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்னே நடந்தது இது. கடைசிக் குழம்பில் பொட்டாசியத்தோடு ஈயமும் செறிந்தது. தகரம் என்று தமிழ்நாட்டவர் சொல்வதை நாம் ஈயம் என்கிறோம். பேராக்கில் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச்சுரங்கங்களும், லாருட் வட்டாரத்து ஈயத்தை ஏற்றிச் செல்ல 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய நாட்டின் முதல் ரயிலும் இந்தக் கருங்கல்லின் வழிவந்தவை.

மற்ற வகையும் நம் நாட்டில் உண்டு. தையல்கோட்டுக்குக் கிழக்கே பகாங்கின் பெனோம் மலைப்பகுதியில் பொட்டாசியம் நிறைந்த மான்சனைட், சயனைட் பாறைகள் இருக்கின்றன. அவற்றின் வேதியியலில் கவசத்தின் கைரேகை தெரிகிறது. ஒரே மோதலின் காலத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கம் மேலோடு உருகியது. அந்தப் பக்கம் ஊறிய கவசம் உருகியது.

பொட்டாசியம் காலத்தையும் காட்டும். பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. அதன் அரைவாழ்வு 125 கோடி ஆண்டுகள். அதில் ஒரு பகுதி ஆர்கான் வாயுவாகிப் படிகத்துக்குள் சிறைப்படுகிறது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்காக இருக்கும் ஆர்கானும் பெரும்பாலும் இப்படிக் கற்களிலிருந்து வந்ததுதான். படிகத்தில் சேர்ந்த ஆர்கானை அளந்தால் கல்லின் வயது தெரியும். கி.பி. 79இல் பொம்பெய் நகரைப் புதைத்த வெசூவியஸ் நுரைக்கல்லின் ஃபெல்ட்ஸ்பாரை எடுத்து 1997இல் இப்படி அளந்தார்கள். கிடைத்த விடை 1,925 ஆண்டுகள். கூட்டல் கழித்தல் 94. வரலாற்றுக் கணக்கு 1,918. பொட்டாசியம் அவ்வளவு செறிந்த படிகம் கிடைத்ததால்தான் இவ்வளவு இளைய பாறையின் வயதை அந்த முறையால் சொல்ல முடிந்தது.

அன்று கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில், சாலை போடுவதற்காக மலையை வெட்டிய ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். பார்வைக்கு அதே கருங்கல்தான். அதே வெள்ளைக் கட்டங்கள், அதே ஓரங்கள். ஆனால் செம்மண்ணாகிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைக் கட்டத்தை அவள் விரலால் அழுத்தியதும் மாவாக உதிர்ந்தது. கயோலின் என்ற வெள்ளைக் களிமண். பேராக்கில் தாப்பா பக்கம் இதையே வெட்டி எடுக்கிறார்கள்.

“இதிலும் பொட்டாசியம் இருக்கிறதா, மாமா?”

“இல்லை. மழை கொண்டுபோய்விட்டது.”

பொட்டாசியம் நிறைந்த மலைகள் முதுகெலும்பாக நிற்கும் நாட்டில், செம்பனைத் தோட்டங்களுக்குப் பொட்டாஷ் உரத்தைக் கப்பலில் வரவழைக்கிறோம். அழியாத ஃபெல்ட்ஸ்பாரில் இருப்பதை வேரால் எடுக்க முடியாது. அழிந்ததில் இருப்பதை நம் மழை விட்டுவைப்பதில்லை. அவள் விரலில் ஒட்டியிருந்த வெள்ளை மாவைத் தட்டிவிட்டு, சாலையோரக் கால்வாயை எட்டிப் பார்த்தாள். முந்தைய நாள் மழையில் கலங்கிய செந்நிறத் தண்ணீர் சரிவில் இறங்கி, நாங்கள் வந்த திசையில், கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.